கல்லான பல்லின் சாட்சியம்

சென்ற கோடை விடுமுறையில் திருத்தணிப் பங்கிலிருந்து ஏறக்குறைய ஐம்பது பேர், குடும்பம் குடும்பமாக, ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையின் திருத்தலத்திற்குத் திருப்பயணம் சென்று வந்தோம். வீரமாமுனிவர் பணிசெய்த அத்திருத்தலம் அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது என்பதை வாசகர் அறிவர். அன்னையின் திருமுன் செபமாலை சொல்லி, திருப்பலி ஒப்புக்கொடுத்து, திரும்பும் வழியில் சற்றே விலகிப் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்னும் சிற்றூரின் அருகே பேருந்தை நிறுத்தச் செய்தோம். மழைநீர் அரித்து அரித்து ஓடைகளாகப் பிளந்து கிடக்கும் அந்த நிலத்தைப் பிள்ளைகள் காணவேண்டும் என்பது நமது விருப்பம். பச்சை என்று சொல்ல ஒரு செடி இல்லாத மண்மேடுகள். அவற்றின் இடையே வெயிலில் கண்ணாடிச் சில்லுகளைப்போல் மின்னும் ஜிப்சம் படிகங்கள். கடலிலிருந்து வெகு தொலைவிலுள்ள அவ்விடம் ஒருகாலத்தில் கடலின் அடித்தளமாய் இருந்தது என்று கூறியபோது, பெரியவர்களே நம்மை நம்பாத பார்வை பார்த்தார்கள்.

பேருந்து மீண்டும் புறப்பட்ட பின், எட்டாம் வகுப்பில் பயிலும் சிறுவன் ஒருவன் தயங்கித் தயங்கி நம் இருக்கையருகே வந்தான். கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த ஒரு பொருளை அவிழ்த்துக் காட்டினான். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது, முக்கோண வடிவம், பழுப்பு நிறம், விளிம்பில் இன்னமும் கூர்மை. அது ஒரு பல் என்பதில் ஐயம் கொள்ள இடமில்லை.

"ஃபாதர், இது சினிமாவில் வருகிற அந்தப் பெரிய சுறாவின் பல்லா? அது இன்னும் கடலுக்கடியில் உயிரோடு இருக்கிறதாமே, உண்மையா?" என்று கேட்டான்.

பின்னிருக்கையில் அமர்ந்திருந்த அவன் பாட்டியோ, "சாமி, பத்துக் கோடி வருசம் என்கிறீர்களே, உலகத்தை ஆறு நாளில் படைத்தார் என்றுதானே ஞானோபதேசத்தில் படித்தோம்?" என்று வேறொரு கேள்வியைப் போட்டார்.

சிறுவனின் கேள்வியும் பாட்டியின் கேள்வியும் நேர்மையானவை. ஓடும் பேருந்தில் இரண்டு வார்த்தையில் விடை கூறி முடிக்கத் தக்கவையல்ல. அன்று சொல்ல முடிந்ததையும், பின்னர் படித்துத் தெளிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

முதலில் பல்லைப் பற்றி ஒரு சொல். சுறாவின் உடலில் நம்மைப் போன்ற கெட்டி எலும்பு கிடையாது. அதன் உடற்கூடு முழுவதும் குருத்தெலும்பால் ஆனது. நம் காதுமடலை நிமிர்த்தி வைத்திருக்கிறதே, அதைப் போன்றது. சுறா மடிந்ததும் அந்தக் குருத்தெலும்பு பெரும்பாலும் அழிந்து மறைந்துவிடும். பல்லோ அப்படியன்று. அது கெட்டியானது, எளிதில் கரையாதது. மேலும், சுறாவுக்கு ஒரு பல் விழுந்தால் பின்வரிசையிலிருந்து மறுபல் முன்னேறி வந்து நிற்கும். வாழ்நாளில் ஒரு சுறா ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கிறது. ஆகவேதான் பழங்காலச் சுறாக்களைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி பற்களின் வழியாகவே கிடைத்துள்ளது. முழு உடல் கிடைப்பது மிக அரிது. பெரும்பாலும் வாயின் ஓரத்தில் இருந்த ஒரு சாட்சி மட்டும் எஞ்சி நிற்கிறது.

சிறுவன் கேட்ட பெருஞ்சுறாவின் பெயர் மெகலடான். கிரேக்க மொழியில் 'பெரும்பல்' என்று பொருள். சுவிட்சர்லாந்தில் பிறந்த அறிஞர் லூயி அகாசி 19-ஆம் நூற்றாண்டில் இட்ட பெயர் இது. இதன் பற்களில் பெரியவை ஏறத்தாழ 18 செண்டிமீட்டர். விரித்த உள்ளங்கையை மறைக்கும் அளவு. இன்றுள்ள வெள்ளைச் சுறா 6 மீட்டர் வளர்ந்தாலே பெரிது என்பர். மெகலடான் அதைப்போல் பன்மடங்கு பெரியது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை இல்லை.

ஆயின் எத்தனை மடங்கு என்பதில்தான் வரலாறே அடங்கியிருக்கிறது. 1909-இல் நியூயார்க் அருங்காட்சியகத்தில் பேஷ்ஃபோர்டு டீன் என்பவர் கிடைத்த பற்களைக் கொண்டு ஒரு மாபெரும் தாடையை அமைத்தார். அதன் உள்ளே மனிதர் பலர் அமர்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம். அத்தாடையை அளவாகக் கொண்டு, இச்சுறா 30 மீட்டர் இருக்கும் என்று சிலர் கணக்கிட்டனர். பின்னர் பற்களை மேலும் கூர்ந்து ஆராய்ந்தவர்கள், தாடையே அளவுக்கு மீறிப் பெரிதாக அமைக்கப்பட்டது என்று காட்டி, 15 முதல் 20 மீட்டர் வரை என்று குறைத்தனர். பெல்ஜியத்தில் கிடைத்த முதுகெலும்புத் தொடர் ஒன்று சுமார் 11 மீட்டர் நீளம் உடையது. டென்மார்க்கில் கிடைத்த முதுகெலும்பு வட்டுகளோ 23 செண்டிமீட்டர் குறுக்களவு கொண்டவை. இவ்விரண்டையும் ஒப்பிட்டு, 2025-இல் வெளிவந்த ஓர் ஆய்வு 24 மீட்டர் வரை இருந்திருக்கலாம் என்றும், உடல் நாம் எண்ணியதைவிட மெலிந்து நீண்டதாய் இருந்திருக்கும் என்றும் கூறுகிறது. நாளை வேறொரு சான்று கிடைத்தால் இக்கணக்கும் மாறலாம். இதைக் கண்டு சிலர், 'அறிவியலார் நாளுக்கொன்று பேசுகிறார்கள்' என்று ஏளனம் செய்வதுண்டு. நாம் அவ்வாறு எண்ணவில்லை. தன் கணக்குத் தவறு என்று கண்டதும் பலர் அறியத் திருத்திக்கொள்பவனே நம்பத்தக்க கணக்கன்.

இச்சுறா இன்றும் உயிரோடு உள்ளதா? 2018-இல் வெளியான ஆங்கிலத் திரைப்படம் ஒன்று, ஆழ்கடலில் அது மறைந்து வாழ்வதாகக் காட்டியது. கதைக்கு அது பொருந்தலாம், உண்மை அதுவன்று. ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தோன்றி, 36 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அது அற்றுப்போனது. அதன் பிற்பட்ட காலத்துக் கடற்படிவுகளில் புதிய மெகலடான் பல் ஒன்றும் இல்லை. ஆயிரக்கணக்கில் பல் உதிர்க்கும் ஒரு விலங்கு, ஒரு பல்கூட உதிர்க்காமல் இத்தனை இலட்சம் ஆண்டுகள் ஒளிந்து வாழ்வது எவ்வாறு? மேலும் அது திமிங்கலங்களைத் தின்று வாழ்ந்தது. உணவும் வெதுவெதுப்பும் குன்றிய பேராழம் அதற்கு உகந்த வீடன்று. கடல் குளிர்ந்ததும், இரை குறைந்ததும், வெள்ளைச் சுறாவின் போட்டியும் அதன் அழிவுக்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

அப்படியானால் சிறுவனின் கையிலிருந்த பல் மெகலடானுடையதா? இல்லை. இந்த விடையை நமக்குத் தந்தது பல் அன்று. அது கிடந்த மண்ணே தந்தது. காரையின் களிமண் அடுக்குகள் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை. மெகலடான் தோன்றியதோ அதற்கு ஏழு கோடி ஆண்டுகளுக்கும் மேலாகப் பிந்தி. பேரனுடைய சட்டை பாட்டனார் புதையுண்ட கல்லறையில் இருக்க வழியில்லை அல்லவா? இந்திய மண்ணில் மெகலடானின் பல்லைத் தேடுவோர் ஒடிசாவின் மயூர்பஞ்சு மாவட்டத்துப் பாரிபதாவுக்குச் செல்லவேண்டும். அங்குள்ள படிவுகள் இளையவை.

எனினும் அச்சிறுவன் ஏமாற்றம் அடையத் தேவையில்லை. இந்தியா தென்துருவ நிலப்பரப்பை விட்டுப் பிரிந்து வடக்கு நோக்கி நகரத் தொடங்கிய காலத்தில், நம் கிழக்குக் கரையோரம் தாழ்ந்து, கடல் உள்ளே புகுந்தது. அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளில் அக்கடல் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஏறியும் இறங்கியும் நின்றது. அதன் சிப்பிகள் படிந்து உருவான சுண்ணாம்புக்கல்லையே இன்று வெட்டியெடுத்துச் சிமெண்டு ஆக்குகிறோம். நம்மில் பலருடைய வீட்டுச் சுவரில் அக்கடலின் சிப்பி அரைபட்டுக் கலந்திருக்கக் கூடும். நம் திருவள்ளூருக்கு அண்டையிலுள்ள ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியின் படிவுகளிலும் செடிகொடிகளின் பதிவுகளோடு கடல்வாழ் உயிர்களின் எச்சங்கள் கிடைத்துள்ளன. ஆக, கடல் நம் வாசலுக்கும் அந்நியமானதன்று.

இந்தச் செல்வத்தை உலகறியச் செய்த முயற்சி 1840-களில் தொடங்கியது. சென்னை மாகாண அரசுப் பணியிலிருந்த கே என்பவரும், கன்லிஃப் என்பவரும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் திரட்டிய எச்சங்கள் இலண்டனுக்குச் சென்றன. புதுச்சேரிப் படிவுகளில் கிடைத்த மீன்களின் எச்சங்களை எகர்ட்டன் என்னும் ஆங்கிலேயர் ஆராய்ந்து 1845-இல் வெளியிட்டார். 1862-இல் பிளான்ஃபோர்டு இப்பகுதிப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்து விவரித்தார். அவருக்குப் பின் ஸ்டோலிக்ஸ்கா என்னும் அறிஞர் இங்குள்ள கடலுயிர்களைத் தொகுதி தொகுதியாக விவரித்தெழுதினார். அவர் 1874-இல் லடாக்கின் உயர்ந்த மலைப்பாதையில் உயிர்நீத்தார்.

அப்பணி இன்றும் முடியவில்லை. 2011-இல் இந்திய, வெளிநாட்டு அறிஞர்கள் கூடி, காரையில் கிடைத்த சுறாப் பற்களை விவரித்தபோது, அவற்றுள் ஒன்று உலகுக்கே புதிய இனம் என்று கண்டு, அதற்கு 'துவார்டியஸ் சுதிந்திகஸ்' என்று பெயரிட்டனர். பெயரின் பின்பாதி நம் தென்னிந்தியாவைக் குறிப்பது. அச்சுறாவின் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு சுறாவின் முதுகெலும்புகள் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரருகே கிடைத்துள்ளன. அது 11 கோடியே 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே 6 முதல் 8 மீட்டர் வரை வளர்ந்திருந்தது என்று 2025-இல் அறிவிக்கப்பட்டது. சுறாக்கள் பேருருவம் கொள்ளத் தொடங்கிய அந்த முதல் அத்தியாயத்தின் ஏடுகளில் ஒன்று நம் காரையிலும் இருக்கிறது என்பது பெருமைக்குரியதன்றோ? அதே மண்ணில் 'டைக்கோடஸ்' என்னும் மற்றொரு சுறாவின் பல்லும் கிடைத்துள்ளது. அது கிழிக்கும் பல் அன்று. அம்மிக்கல்லைப்போல் தட்டையாய், ஓடுடைய உயிர்களை நொறுக்கித் தின்ன அமைந்த பல்.

இனிப் பாட்டியின் கேள்விக்கு வருவோம். அதற்கு விடையாக நாம் ஒரு மனிதரின் வாழ்வையே கூற விரும்புகிறோம்.

மால்டா தீவின் பாறைகளில் நாவின் வடிவான கற்கள் ஏராளமாய்க் கிடைக்கும். புனித பவுலடியார் அத்தீவில் கரையேறியபோது விரியன் பாம்பு அவர் கையைப் பற்றியதும், அவருக்குத் தீங்கு நேராததும் திருத்தூதர் பணிகள் 28-ஆம் அதிகாரத்தில் உள்ளன. அந்நிகழ்ச்சியையொட்டி, அக்கற்கள் கல்லாய்ப் போன பாம்பு நாக்குகள் என்று மக்கள் நம்பினர். நஞ்சை முறிக்கும் என்று கழுத்தில் அணிந்தனர். அரசர்கள் விருந்து மேசையில் வைத்தனர். அவை சுறாப் பற்களே என்று 1616-இல் ஃபாபியோ கொலோன்னா என்ற இத்தாலியர் எழுதினார். ஆயினும் கேட்டோர் சிலரே.

1666-இல் இத்தாலியின் லிவோர்னோ நகரருகே மீனவர் ஒரு மாபெரும் சுறாவைப் பிடித்தனர். அதன் தலையை ஃபிளாரன்சு நகரத்துக் கோமகன், தம் அவையில் இருந்த நீல்ஸ் ஸ்டீன்சன் என்னும் இளம் மருத்துவ அறிஞரிடம் அனுப்பினார். 1638-இல் டென்மார்க்கில் பிறந்த இவரை உலகம் ஸ்டீனோ என்று அழைக்கிறது. அவர் அத்தலையை அறுத்து ஆராய்ந்தார். பல்லையும் மால்டாக் கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றே என்று 1667-இல் எழுதினார். அத்தோடு நிற்கவில்லை. கடல் விலங்கின் பல் மலைப்பாறைக்குள் புகுந்தது எவ்வாறு என்று வினவினார். பாறை ஒருகாலத்தில் நீரில் படிந்த சேறாய் இருந்திருக்கவேண்டும் என்று உணர்ந்தார். அடியிலுள்ள அடுக்கு முந்தியது, மேலுள்ளது பிந்தியது என்ற விதியை 1669-இல் வெளியிட்டார். நெற்குதிரில் முதலில் கொட்டிய நெல்லே அடியில் கிடக்கும் என்பதை அறிந்த நம் உழவர்களுக்கு இது எளிய உண்மை; ஆனால் மண்ணின் வரலாறு முழுவதும் இந்த ஒரு விதியின்மேல்தான் எழுப்பப்பட்டிருக்கிறது.

அந்த ஸ்டீனோ 1667-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார், 1675-இல் குருவானார், 1677-இல் ஆயரானார். வட ஐரோப்பாவில் சிதறிக் கிடந்த கத்தோலிக்கருக்குப் பணியாற்றினார். ஏழைகளுக்கு உதவத் தம் ஆயர் மோதிரத்தையும் விற்றார் என்பர். 1686-இல், 48-ஆம் வயதில், வறுமையில் உயிர்நீத்தார். 1988 அக்டோபர் 23-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்தினார். அவருடைய கணக்கிலும் குறை இருந்தது. உலகின் வயது சில ஆயிரம் ஆண்டுகளே என்று தம் காலத்தவரைப் போலவே அவரும் எண்ணினார். ஆனால் அவர் வகுத்த விதிதான் பின்வந்தோரைக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு இட்டுச் சென்றது.

பாட்டியிடம் நாம் கூறியது இதுவே: படைப்பின் ஆறு நாட்கள் கடிகாரத்தால் அளக்க எழுதப்பட்டவையல்ல, யார் படைத்தார், எதற்காகப் படைத்தார் என்பதைச் சொல்ல எழுதப்பட்டவை. எப்போது, எவ்வாறு என்பதை அவர் படைத்த கல்லைக் கேட்டே அறியலாம். பாட்டி சற்றே யோசித்து, "அப்படியானால் பல்லும் பொய் சொல்லாது, வேதமும் பொய் சொல்லாது, நாம்தான் சரியாகப் படிக்கவேண்டும்" என்றார். இதைவிடத் தெளிவாக நாம் எந்த மறையுரையிலும் கூறியதில்லை.

சரியாகப் படிக்கவில்லையெனில் நேர்வது என்ன என்பதற்கும் அப்பகுதியே சான்று தருகிறது. 2020-இல் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் உருண்டையான பெருங்கற்கள் கிடைத்தபோது, 'டைனோசர் முட்டைகள்' என்ற செய்தி கைப்பேசி வழியே ஊரெங்கும் பரவியது. நிலவியல் அறிஞர்கள் வந்து பார்த்து, அவை முட்டைகளல்ல, கடற்படிவில் உருண்டு திரண்ட கற்களே என்று கூறினர். வதந்தியைக் கேட்டவர்களில் எத்தனை பேர் திருத்தத்தையும் கேட்டிருப்பர்?

இனி நம் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். நம் அறை மேசையில் நத்தையைப்போல் சுருண்ட ஒரு கல் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காகிதம் பறக்காமல் அழுத்தி வைக்கும் வேலையைச் செய்து வருகிறது. அது அம்மோனைட் என்னும் பழங்கடல் உயிரின் எச்சம். குருமடத்தில் பயின்ற நாட்களில் ஒரு சுற்றுலாவின்போது அரியலூர்ப் பக்கம் எடுத்தது. எந்த ஊர், எந்த ஓடை, எந்த அடுக்கு என்று கேட்டால் நமக்குத் தெரியாது. டைக்கோடஸ் போன்ற சுறாக்கள் நொறுக்கித் தின்ற உயிர்களில் அதுவும் ஒன்றாய் இருந்திருக்கலாம். அதை இனி எவர் சொல்வது? இடம் மறந்த நாளே அக்கல்லின் வாய் அடைபட்டுப் போயிற்று. அழகான கல்லாக அது எஞ்சியிருக்கிறது, சாட்சியாக இல்லை.

இதைச் சிறுவனிடம் மறைக்காமல் கூறினோம். அவன் முகம் வாடியது. "நான் எடுத்தது தப்பா, ஃபாதர்?" என்றான். "எடுக்காமல் இருந்திருந்தால் மிக நல்லது. எடுத்த இடத்தை நினைவிருக்கிறபோதே எழுதிவிட்டால் இன்னும் கெட்டுப்போகவில்லை" என்றோம். பேருந்து ஆடிக்கொண்டிருக்க, பாட்டியின் பையிலிருந்த பாட்டுத்தாளின் பின்புறத்தில் அவன் எழுதினான்: நாள், ஊர், சாலையிலிருந்து எத்தனையாவது ஓடை, மேட்டின் உச்சியா அடியா, பக்கத்தில் என்ன கிடந்தது என்பன. அவன் தந்தையின் கைப்பேசியில் அந்த மேட்டின்மேல் நின்று எடுத்த படமும் இருந்தது.

அரியலூரை அடுத்த வாரணவாசியில் அரசு அமைத்துள்ள தொல்லுயிர் அருங்காட்சியகத்தைப் பற்றி அவனுடைய பெற்றோரிடம் கூறினோம். பல்லையும் தாளையும் அங்கே சேர்ப்பிக்க அவர்கள் இசைந்தனர். பிரிய மனமில்லாமல் சிறுவன் ஒருமுறை பல்லைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, தாளைச் சுற்றி நூலால் கட்டினான்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். அரியலூர் வழியே பயணம் செய்யும்போது பிள்ளைகளை வாரணவாசிக்கும், 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கும் சாத்தனூருக்கும் அழைத்துச் செல்லுங்கள். ஓடைகளில் எதையேனும் கண்டால் கிடந்த இடத்திலேயே விட்டு, படமெடுத்து, இடத்தைக் குறித்து, அறிந்தோரிடம் தெரிவிக்கக் கற்றுக்கொடுங்கள். விலைக்கு விற்போரிடம் வாங்காதீர்கள். வியப்பான செய்தி ஒன்று கைப்பேசியில் வந்தால், அதைப் பிறருக்கு அனுப்புமுன், 'இது எங்கிருந்து வந்தது?' என்று கேட்கப் பழக்குங்கள். கல்லைப் பற்றியும் மனிதரைப் பற்றியும் அவதூறு பரவாமல் காக்க அந்த ஒரு கேள்வி போதும்.

திருத்தணிக்குத் திரும்பிய அன்றிரவு நாமும் ஒரு தாளை எடுத்து, நம் மேசைக்கல்லின் கீழ் வைக்க எண்ணி எழுத அமர்ந்தோம். 'அம்மோனைட். அரியலூர்ப் பக்கம்' என்பதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை.